ஏழு நாள் விதை

இரண்டாவது கிளையைத் துரட்டியால் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோது சூலானின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. கீழே விரித்திருந்த படுக்கை விரிப்பின் ஒரு மூலை ஓடைப் பக்கம் சரிந்திருந்தது. அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு மறுபடி உலுக்கினாள். விதைகள் உதிர்ந்தன. மெல்லிய, வட்டமான, காகிதத்தில் வெட்டிப்போட்டது போன்ற விதைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னத் தடிப்பு. ஓரத்தில் பச்சை போய்ப் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. சரியான பதம். நாளைக்குக் காற்றடித்தால் எல்லாம் ஓடையில் போய்விடும்.

கைபேசி நின்று, மறுபடி அதிர்ந்தது.

"எங்க இருக்கே?" என்றான் தம்பி யோங்ஷுன்.

"மரத்தடில."

"வா."

"இன்னும் ரெண்டு கிளை பாக்கி."

 அவனுக்குப் பின்னால் அத்தையின் குரல் கேட்டது. அத்தை பாடுவதுபோல ஒரே சுரத்தில் எதையோ சொல்லி இழுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றாள் சூலான்.

"பத்து நிமிஷம் இருக்கும். நீ போனை எடுக்கல."

சூலான் மீதி இரண்டு கிளைகளையும் உலுக்கி முடித்தாள். பிறகுதான் விரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இதைப் பின்னால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் அப்பாதான் அனுப்பினார். வயிற்றுப் புற்று. ஒரு மாதமாக வாய்க்குள் எதுவும் போகவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தபோது கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார்.

"காத்து திரும்புது. இன்னிக்கே போ."

"நான் போனதுக்கப்புறம் ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகட்டும். நீ இருந்து என்ன பண்ணப்போறே?"

அவர் சொன்னது சரிதான். இருந்திருந்தாலும் அவள் ஒன்றும் செய்திருக்க முடியாது.

தௌ ஹுவாய்ஷெங் முப்பத்தெட்டு வருடம் வனத்துறை நாற்றங்காலில் வேலை பார்த்தவர். பைன், தேவதாரு, தெருவோர மரம் என்று லட்சக்கணக்கில் வளர்த்து அனுப்பியிருக்கிறார். அதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. லாங்யா மலையின் இந்தச் சுண்ணாம்புப் பாறை ஓடைகளில் மட்டும் நிற்கும் ஓர் எல்ம் மரம் உண்டு. மலைமேல் இருக்கும் பேர்போன போதைக்கிழவர் மண்டபத்தை ஒட்டிப் புத்தகங்களில் அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள்: போதைக்கிழவர் எல்ம். ஊரில் முடி எல்ம் என்பார்கள். இலை, குச்சி, விதை எல்லாவற்றிலும் பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல ரோமம் இருக்கும். எத்தனை மரம் மிச்சம் என்று கேட்டால் அப்பா விரல்களை மடக்குவார். சில வருடம் மடக்கிய விரலில் ஒன்றை மறுபடி நீட்டிவிடுவார்.

அதை அவரால் வளர்க்க முடியவில்லை. அதுதான் விஷயம். பதியன் போட்டால் அழுகியது. சாதாரண எல்மின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டினால் மூன்றாம் வருடம் ஒட்டிய இடத்தில் முறிந்தது. விதை என்றால், மரம் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை காய்க்கும். காய்த்தாலும் உள்ளே பருப்பு இருக்காது. ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்து, காலி, காலி, காலி என்று சொல்லிக்கொண்டே போவார். சூலான் சின்ன வயதில் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தாள். பருப்பு இருக்கிற விதையும் பறித்த ஏழு நாளைக்குள் மண்ணுக்குப் போகவேண்டும். அதற்குமேல் பாதி செத்துவிடும், பத்து நாளில் மீதியும். டப்பாவில் போட்டு வைக்கிற சங்கதி இல்லை அது. முளைத்த நாலைந்தும் இரண்டு இலை விட்டதும் கழுத்து கறுத்து விழுந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் சுற்றுலாக்காரர்கள் நடக்க ஓடையோரம் கல்பாதை போட்டார்கள். பெரிய மரத்தின் வேர்மேல் சிமெண்டைக் கொட்டி, சுற்றி அழகாக ஒரு மேடை கட்டி, மேலே பெயர்ப்பலகை மாட்டினார்கள். அடுத்த வருடம் உச்சி காய்ந்தது. அதற்கடுத்த வருடம் பாதி மரம். இந்த வசந்தத்தில் மிச்சமிருந்த பாதி, கிளை தெரியாமல் பூத்தது. யோங்ஷுனின் வண்டியில் அப்பாவை ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"சாகப்போற மரம்தான் இப்படிக் காய்க்கும்" என்றார். ஆஸ்பத்திரியில் தன்னுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதும் அவருக்கு அந்தக் குரல்தான் இருந்தது.

நான்கு நாளைக்கு முன் சூலான் ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தாள். நகத்தால் அழுத்தினார். அடுத்ததை அழுத்தினார். பத்துப் பதினைந்து பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு வலிக்கான மாத்திரையைக் கேட்கவில்லை. பின்கட்டில் பாத்தி போடச் சொன்னார். ஓடை மணல் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, சலித்து, வெந்நீர் ஊற்றி, ஆறவிட்டு, சுண்ணாம்பு தூவி. படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அவளும் அதே நாற்றங்காலில் தினக்கூலிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள்தான். கணவனை விட்டு வந்து பதினொரு வருடம் ஆயிற்று. பாத்தி போட அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவரைச் சொல்லவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவைக் கூடத்தில் பலகைமேல் கிடத்தியிருந்தார்கள். கால் வாசலைப் பார்த்திருந்தது. கால்மாட்டில் எண்ணெய் விளக்கு. அத்தை, சூலான் தோளில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு மணிக்கு வாடகைக் குளிர்பெட்டி வந்தது. அதன் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் வீடு முழுக்க ஒரு ரீங்காரம் நிறைந்தது.

சூலான் இரண்டு பெரிய மூங்கில் தட்டுகளில் விதையைப் பரப்பினாள். கூடத்து மூலைதான் குளிர்ச்சி. ஆனால் அங்கே ஆட்கள் வந்து உட்காருவார்கள். சாமான் அறைக்குக் கொண்டுபோய் மாவு டிரம்மின் மேல் ஒன்றும் அரிசிப் பெட்டியின் மேல் ஒன்றுமாக வைத்தாள். கையால் துழாவி நாற்பது விதை எடுத்து அழுத்திப் பார்த்தாள். இருபத்தெட்டு நிறைந்திருந்தது. அவள் மறுபடி எண்ணினாள்.

பிறகு வெளியே வந்து அத்தையிடம் கேட்டாள்.

"அத்தை, பின்கட்டுல எனக்கு ஒரு மணி நேர வேலை இருக்கு. விதை போடணும்."

அத்தை செத்தவருக்கான காகிதப் பணத்தை ஒவ்வொன்றாக மடித்து நெருப்புச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைவிட மூன்று வயது இளையவள், அறுபத்தேழு. மலைக்கு அந்தப் பக்கம் மூன்றுகிணறு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இந்த மாதிரி வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்ல இப்போது அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? வீட்ல பொணத்தை வெச்சுக்கிட்டு மண்ணைக் கிளறுவாங்களா? அடுத்த குழியும் நம்ம வீட்டுக்கே வெட்டவா?"

"தோண்ட வேணாம். பாத்தி தயாரா இருக்கு. தூவிட்டு மேல கொஞ்சம் மண்ணு சலிச்சுப் போட்டா முடிஞ்சுது."

"மண்ணு மண்ணுதான்."

"அப்பாதான் போடச் சொன்னாரு."

"உசிரோட இருந்தப்ப சொன்னான். இப்ப பெட்டில இருக்கான். மூணாம் நாளு அவன் மண்ணுக்குள்ள போகட்டும். அதுக்கப்புறம் நீ கத்திரி போடு, பூசணி போடு, எவ வந்து கேக்கப்போறா?"

கத்திரி இல்லை, பூசணி இல்லை என்று சூலான் சொல்லவில்லை. அவளுக்கு அலுப்பாக இருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டாள். இன்றைக்கு ஒன்று. நாலாம் நாள் காலையில் விதைத்தால் இன்னும் மூன்று நாள் கையிருப்பு. நிழலில், காற்றோட்டத்தில் இருக்கிறது. ஒன்றும் ஆகாது.

"சரி" என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. நனைந்துகொண்டே ஆட்கள் வந்தார்கள். வாசலில் போட்ட பிளாஸ்டிக் பந்தலில் தண்ணீர் தேங்கித் தேங்கி, யாராவது குச்சியால் குத்திவிட்டால் மொத்தமாகக் கொட்டியது. வாத்தியக்காரர்கள் ஒலிபெருக்கியை மழைக்கு மூடிவைத்துவிட்டு ஊதினார்கள். சூலான் தலையில் வெள்ளைத் துணி கட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கோல்மேல் மண்டியிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணங்கினாள். அடுக்களையில் ஆறு பெண்கள். அவர்கள் எண்ணெய் எங்கே, மாவு எங்கே என்று நாலு தரம் வந்து கேட்டதும் யோங்ஷுன் எரிச்சலானான். நான்ஜிங்கில் டயர் கடை வைத்திருப்பவன். கேள்விக்குப் பதில் சொல்லியே அவனுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

"எல்லாம் சாமான் அறைல இருக்கு. என்ன வேணுமோ எடுத்துக்குங்க. கேக்கவே வேணாம்."

பத்து மணிக்கு லௌ மெங் வந்தார். நாற்றங்காலில் அப்பாவோடு கூடவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று ஊதுவத்தி வைத்து, மூன்று முறை குனிந்து, சூலானுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். 

"எடுத்தியா?"

"எடுத்தேன் சித்தப்பா. நேத்து."

"எவ்ளோ?"

"ரெண்டு தட்டு."

"பருப்பு?"

"பத்துக்கு ஏழு."

லௌ மெங் விசில் அடித்துவிட்டார். சின்னதாகத்தான். எதிரே அழுதுகொண்டிருந்த இரண்டு கிழவிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

"பத்துக்கு ஏழு" என்றார் மெதுவாக. "முப்பது வருஷத்துல பத்துக்கு ஒண்ணு பாத்ததில்ல நாங்க. உங்கப்பன் இதைப் பாத்துட்டுத்தான் போனானா?"

"கொஞ்சம் பாத்தாரு."

"எப்ப போடறே?"

"நாளன்னிக்குக் காலைல. மண்ணைத் தொடக்கூடாதுங்கறா அத்தை."

"அதுவும் சரிதான். நான் வரேன். வைக்கோல் கொண்டாறேன், மூடறதுக்கு." வாசலில் கொட்டும் மழையைப் பார்த்தார். "மரத்துல மிச்சம் இருந்தது இதுக்குள்ள போயிருக்கும். உன்கிட்ட இருக்கறதுதான். அடுத்த வருஷம் அந்த மரம் இருக்காது."

"தெரியும்."

"ஒரு நூறு நின்னாப் போதும். நூறு வேணாம், இருபது." அவர் எழுந்து, பெட்டியின் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தார். "கெழட்டுப் பய. கெடைச்சப்ப போயிட்டான் பாரு" என்றார்.

மத்தியானம் படையல் வைத்தார்கள். பெட்டிக்கு முன்னால் சின்ன மேசை. பன்றி இறைச்சி, டோஃபு, அவித்த முட்டை, ஒரு கோப்பை வெள்ளைச் சாராயம். அத்தை கடைசியாக ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதை நடுவில் வைக்க மற்றதையெல்லாம் ஒதுக்கினாள். ஆவி பறந்தது. வெள்ளையும் பச்சையுமாக, உதிரி உதிரியாக, மாவு ஒட்டிய வட்டங்கள். மேலே கொஞ்சம் பூண்டும் எண்ணெயும்.

சூலான் மண்டியிட்ட இடத்திலிருந்தே பார்த்தாள். வசந்தத்தில் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். இளம் எல்ம் விதையைக் கழுவி, மாவு பிசறி, ஆவியில் வேகவைப்பார்கள். எல்ம் காசு என்பார்கள். கடையில்கூட விற்கும். அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகு எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

சாமான் அறையில் மாவு டிரம் திறந்து கிடந்தது. இரண்டு மூங்கில் தட்டுகளையும் கழுவி, தண்ணீர் வடியச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அவள் அங்கேயே நின்றாள். அத்தை பின்னாலேயே வந்துவிட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. சூலானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நீ மூட்டையோட வந்தப்ப நான் மனசுக்குள்ள திட்டினேன்டி. அப்பன் சாகறப்ப எங்கயோ ஊர் சுத்திட்டு வராளேன்னு. மாவு எடுக்க வந்தப்பத்தான் பாத்தேன். அவனுக்கு எல்ம் காசு பறிக்கப் போயிருக்கா, பாவிமவ, ஒரு வார்த்தை சொல்லலயேன்னு நெஞ்சு அடைச்சுடுச்சு."

சூலான் வாயைத் திறந்தாள்.

"பழுத்துட்டிருந்துச்சு, கொஞ்சம் முத்தல். பரவால்ல, ரெண்டு தரம் வேகவெச்சேன். உங்கப்பனுக்கு உசிரு இதுன்னா. உனக்கு எப்படித் தெரிஞ்சுது? உன்கிட்ட சொன்னானா?"

"என்ன?"

"பசி வருஷத்துல நடந்தது. எனக்கு ஒம்போது வயசு. ஊர்ல இருந்த எல்ம் பூராவும் பட்டையை உரிச்சு வெள்ளையா நின்னுச்சு, அம்மணமா. இலையும் இல்ல, காசும் இல்ல. நான் எந்திரிக்க முடியாம கிடந்தேன். உங்கப்பன் மலைக்குப் போய் இந்த முடிமரத்துல ஏறி ஒரு கூடை கொண்டாந்தான். மாவு ஏது? தவுட்டுல போட்டு அம்மா வேகவெச்சா. தொண்டைல ஒட்டி ஒட்டி இறங்குச்சு. அதுல எந்திரிச்சவதான் நான்." அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டாள். "காசு தீர்ந்ததும் பட்டையை உரிச்சோம். அவன் கத்தில கீறுவான், நான் இழுப்பேன். ஓடைல இருபது மரம் இருந்திருக்கும். ஒண்ணு ரெண்டுதான் தப்பிச்சுது."

அப்பா இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"எல்லாத்தையும் போட்டுட்டீங்களா?" என்றாள் சூலான்.

"பின்ன? வந்தவங்களுக்கும் குடுக்கணுமில்ல? ரெண்டு தட்டும் போட்டேன். வெந்தா ஒரு பிடிதானே வரும்."

அடுக்களையிலிருந்து யோங்ஷுனின் குரல் கேட்டது. "என்ன அத்தை இது, பூனையை உரிச்சு வேகவெச்ச மாதிரி இருக்கு? வாயெல்லாம் முடி!"

"தின்னுடா. டயரைத் தின்னு வளந்தவனுக்கு இதோட அருமை என்ன தெரியும்" என்று அத்தை இங்கிருந்தே கத்தினாள்.

அவன் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தான். சிரித்துக்கொண்டு வந்தவன் அக்காவைப் பார்த்தான். சுவரில் சாய்ந்த தட்டுகளைப் பார்த்தான். கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான்.

"அக்கா, இது அந்த..."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றாள் சூலான்.

அவன் தின்னவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எதுக்குடா இப்படி முழிக்கறே?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை. சூடு."

சூலான் பின்வாசல் வழியாக வெளியே போனாள். தலையில் வெள்ளைத் துணியோடு, இடுப்பில் சணல் கயிறோடு மழையில் போகிறவளை யாரும் தடுக்கவில்லை. அழப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஓடை வரைக்கும் கால் மணி நேர நடை. அவள் ஓடவில்லை. ஓடினால் ஏதாவது கிடைக்கும் என்று ஆகிவிடும்.

மரம் மழையில் கறுத்து நின்றது. கிளைகளில் ஒன்றும் இல்லை. ஓடை பழுப்பாகப் புரண்டு ஓடியது. சிமெண்ட் மேடையின் இடுக்கிலும் பெயர்ப்பலகையின் மேல்விளிம்பிலும் சில விதைகள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. மண்டியிட்டு எடுத்தாள். பதினாறு கிடைத்தது. நனைந்த விதையை அழுத்தினால் தெரியாது. நகத்தால் கிழித்துப் பார்த்தாள். காலி. கனமில்லாததுதான் ஒட்டிக்கொண்டு நிற்கும், கனமுள்ளது முதலில் போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் பதினாறையும் கிழித்தாள்.

திரும்பி வந்து ஈரத்தோடேயே பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கண்ணாடிக்குள் அப்பாவின் முகத்தில் மெல்லிய பனி படிந்திருந்தது. மேசையில் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. அத்தை பெட்டியைத் தட்டி, "அண்ணே, சாப்பிடு. உம் மக பறிச்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் விடியலில் வண்டி வந்தது. யோங்ஷுன் மண்சட்டியை வாசலில் போட்டு உடைத்தான். முதல் தடவை உடையவில்லை; இரண்டாம் தடவை ஓங்கிப் போட்டான். தகனக் கூடத்தில் வரிசை எண் கொடுத்தார்கள். பதினொன்று. இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து இருக்கையில் ஒருவன் கைபேசியில் சீட்டாடிக்கொண்டிருந்தான். சாம்பல் சூடாகவே கைக்கு வந்தது. மலைச்சரிவில் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்து மண் தள்ளினார்கள். மண்வெட்டியை வாங்கி சூலானும் மூன்று தள்ளு தள்ளினாள். இனி மண்ணைத் தொடலாம்.

வீட்டில் விருந்து. மூன்று மேசை. படையலில் இருந்ததையெல்லாம் அத்தை சூடுபண்ணிக் குடும்பத்து மேசையில் வைத்தாள். லௌ மெங் வைக்கோல் கட்டை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குன்னு சொன்னே, நான் இன்னிக்கே கொண்டாந்துட்டேன். மழை விட்டிருக்கு, பாத்தி எப்படி இரு..." என்று ஆரம்பித்தவர் கிண்ணத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக் குச்சிகளால் ஒரு வட்டத்தை எடுத்து, மாவைத் தட்டி, கண்ணருகே கொண்டுபோனார். வெந்த பிறகும் ரோமம் தெரிந்தது. அவர் குச்சிகளைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தார். சூலானைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மெங், பிடிக்கலயா?" என்றாள் அத்தை. "எங்கண்ணனோட அம்பது வருஷம் குடிச்சே, அவன் பங்கைத் தின்ன மாட்டியா? சூலான் மலைல இருந்து பறிச்சது. அவ தோள்ல சுமந்து கொண்டாந்தது."

லௌ மெங் சாராயத்தை ஊற்றி ஒரே மடக்கில் குடித்தார். இன்னொன்று ஊற்றினார். அதையும் குடித்தார். பிறகு குச்சிகளை எடுத்துக்கொண்டார்.

"பிடிக்காம என்ன" என்றார். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துத் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாயாக, அவசரப்படாமல், மென்று விழுங்கினார்.

"நீயும் சாப்பிடு" என்று அத்தை சூலானுக்கும் போட்டாள். "ரெண்டு நாளா ஒண்ணும் தொடல நீ."

சூலான் சாப்பிட்டாள்.

"உப்பு இருக்கா?"

"இருக்கு அத்தை."

"உள்ளார பருப்பா இருக்கு பாரு. அந்தக் காலத்துல சும்மா பொட்டுதான் கிடைக்கும். இந்த வருஷம் நல்லா வெளைஞ்சிருக்கு."

யோங்ஷுன் எழுந்து வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். லௌ மெங் தட்டைக் காலிசெய்துவிட்டு, சட்டையின் கையால் வாயைத் துடைத்து, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். வைக்கோல் கட்டை எடுத்துப்போகவில்லை.

மூன்றரை மணிக்கு மூன்றுகிணற்றுக்குப் பேருந்து. அத்தைக்கு இன்றைக்கே போகவேண்டும்; அங்கே பேத்திக்கு யாரும் சமைக்கமாட்டார்கள். கிளம்பும்போது அடுக்களைக்குள் போய், மிச்சமிருந்ததை வழித்துக்கொண்டு நின்றாள்.

"இதை ஏன் வீணாக்கணும்? அந்தக் குட்டி எல்ம் காசுன்னா உசிரை விடும். உன்கிட்ட ஏதாவது டப்பா இருக்கா?"

சூலான் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அத்தை போட, இவள் மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. ஒரு ரப்பர் வளையத்தைத் தேடி எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அத்தை அவள் கையைப் பிடித்தபடியே நடந்தாள். "தனியா இருந்துடாதே. தம்பியோட நான்ஜிங் போயிடு. இங்க உனக்கு என்ன இருக்கு?" என்றாள். சூலான் பேருந்து வருகிறதா என்று பார்த்தாள். "என்னமோ போடணும்னு சொன்னியே, நாளைக்குப் போட்டுடு. இனிமே தோஷமில்ல."

"சரி அத்தை."

"என்ன வெதை அது?"

பேருந்து வந்துவிட்டது. சூலான் அவள் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டாள். "பூசணி" என்றாள்.

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து, சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை அசைக்க ஒரு கையை எடுத்தவள், பேருந்து குலுங்கியதும் மறுபடி டப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

சாலையின் இரண்டு பக்கமும் நகராட்சி நட்ட சாதாரண எல்ம் மரங்கள். நேற்றைய மழைக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. காற்றில் விதை கொட்டிக்கொண்டேயிருந்தது. நடைபாதை ஓரத்தில் அவை கணுக்கால் உயரத்துக்குச் சேர்ந்து கிடந்தன. கல் இடுக்கெல்லாம் போன வாரம் விழுந்தது முளைத்து இரண்டிலை விட்டிருந்தது. ஆரஞ்சு அங்கி போட்ட ஒரு பெண் அகலத் துடைப்பத்தால் விதையைக் குவித்துக் குவித்துச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தாள். ஏற்கனவே நாலு சாக்கு நிறைந்து சுவரோரம் நின்றன.

"காலைக் கொஞ்சம் எடும்மா" என்றாள்.

சூலான் நகர்ந்து நின்றாள்.